பதினான்கு முகங்களில் பாதிப் பரு

பரு பதினெட்டு வயதில் வந்தால் வருத்தம். அறுபது வயதில், பதினான்கு பேருக்கு, ஒரே மாதத்தில், அளந்து வைத்தது போல வந்தால் அது வழக்கு.

அந்த வழக்கை வைத்துக்கொண்டு பெரிய டாக்டர் பேனாவை டக் டக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தார். எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் லென்ஸ் அக்கா. துப்பறிவது அவள் தொழில். மூக்குக்கண்ணாடி அவ்வளவு தடிமன் என்பதால் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் அந்தப் பெயரில்தான் கூப்பிட்டார்கள். இன்னொன்றில் அவளுடைய உதவியாள் ஒட்டடை. ஆறடி இரண்டு அங்குலம், அதற்கேற்ற அகலம் கிடையாது. கட்டட வேலையில் கலவை சுமந்து முதுகு விட்டுப்போன பிறகு அக்காவிடம் வந்தவன். மூளை வேலை, உட்கார்ந்தே செய்யலாம் என்று சொல்லித்தான் அவள் அவனைச் சேர்த்துக்கொண்டாள். சேர்ந்த நாளிலிருந்து அவன் உட்கார்ந்தது இது மூன்றாவது முறை.

டாக்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். வாய், நாக்கு, தொண்டை என்று அந்தப் பக்கம் முற்றிப்போன புற்றுநோய்க்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஊசி வழியே ஏற்றுவது வழக்கம். மூன்றாவதாக ஒரு மாத்திரையையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் பலன் கூடுமா என்று பல ஆஸ்பத்திரிகளில் ஒரே சமயத்தில் சோதித்துப் பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே வடிவத்தில், உள்ளே மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பாட்டிலில் எண் மட்டும் இருக்கும். எந்த எண்ணுக்குள் எது என்ற விவரம் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனி உறையில், சீல் வைத்து இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது.

"அப்ப உங்களுக்கே தெரியாம நீங்களே வைத்தியம் பாக்குறீங்க," என்றான் ஒட்டடை.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும், அதற்குத்தான் இத்தனை ஒளிவுமறைவு என்றார். கோளாறு வேறு இடத்தில் வந்திருந்தது. உண்மையான மாத்திரை உள்ளே போனால் இரண்டு வாரத்தில் முகத்தில் பரு கிளம்பும். மற்ற ஆஸ்பத்திரிகளில் பாதிப் பேருக்குப் பரு, பாதிப் பேருக்கு முகம் சுத்தம். இங்கே பதினைந்து பேரில் பதினான்கு பேருக்குப் பரு.

யாரோ எல்லோருக்கும் உண்மையான மாத்திரையையே கொடுக்கிறார்கள் என்று கண்காணிப்புக் குழு முடிவுகட்டிவிட்டது. பாட்டில்கள் ஒரே ஒருத்தியின் பூட்டுச் சாவிக்குள்தான் இருந்தன. மருந்தறையைப் பார்த்துக்கொள்ளும் பெண். மாலை நான்கு மணிக்குக் குழு கூடுகிறது. அதற்குள் வேறு காரணம் கிடைக்காவிட்டால் அவளுக்கு வேலை போகும், மருந்தாளுநர் பட்டியலிலிருந்து பெயரும் போகும். இங்கே சோதனையும் நிற்கும்.

"பன்னெண்டு வருஷத்துல ஒரு மாத்திரை பிசகினதில்லைங்க அந்தப் பொண்ணு," என்றார் டாக்டர். "ஆனா என் நம்பிக்கைய உறையில போட்டுக் குழுவுக்கு அனுப்ப முடியாது."

சுவர்க் கடிகாரம் பதினொன்று காட்டியது.

*

மருந்தறை என்பது கீழ்த்தளத்தில் ஒரு கம்பிக் கதவு, ஒரு குளிர்பெட்டி, கூரைவரை அடுக்குகள், நடுவே முகம் வெளுத்துப்போன ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கேட்காமலே பதிவேடுகளை எடுத்து வைத்தாள். பாட்டில் வெளியே போகும்போது இவள் ஒரு கையெழுத்து, வாங்கிக்கொண்டு போகும் நர்ஸ் ஒரு கையெழுத்து. பதினைந்து நாளுக்கு ஒரு பாட்டில். காலி பாட்டில் திரும்பி வந்தால்தான் அடுத்தது.

அக்கா பதிவேட்டுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டாள். ஒட்டடைக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கை சும்மா இருக்காது. திரும்பி வந்த காலி பாட்டில்கள் அட்டைப்பெட்டியில் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மூடியைத் திருகித் திருகிப் பார்த்தான்.

பாட்டிலில் ஒரு எண் ஒட்டியிருந்தது. மூடியின் தலையிலும் சின்னதாக ஒரு எண். மூன்றாம் பாட்டிலின் தலையில் ஒன்பதாம் மூடி உட்கார்ந்திருந்தது. ஏழின் தலையில் பன்னிரண்டு. பதினொன்றின் தலையில் நான்கு.

"அக்கா, இங்க எல்லாரும் அடுத்தவன் தொப்பியப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க," என்றான்.

அக்கா வந்து பார்த்தாள். பதினைந்தில் ஐந்துக்குத்தான் சொந்த மூடி. அதில் ஒன்று பதினைந்தாம் எண். மருந்தறைப் பெண்ணின் முகம் இன்னும் வெளுத்தது. பாட்டிலில் மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்றுதான் தான் பார்ப்பது, மூடியை யாரும் பார்க்கச் சொல்லவில்லை என்று மெதுவாகச் சொன்னாள்.

ஒட்டடைக்கு வழக்கு முடிந்த மாதிரிதான். எல்லா பாட்டிலையும் ஒரே மேசையில் திறந்து வைத்து மாத்திரையை மாற்றியிருக்கிறாள், மூடும்போது மூடி மாறிவிட்டது. இதற்கு எதற்கு நான்கு மணிவரை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் அவன் கண்ணில் பட்டிருந்தது. அவள் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் சாப்பாட்டுப் பை தொங்கியது. நீலத்தில் மஞ்சள் இலை போட்ட ஜன்னல் திரைத் துணியில், கையால் தைத்தது. வரும் வழியில் ஊசி மருந்து ஏற்றும் அறைக்குள் எட்டிப் பார்த்தபோது, ஒரு பெரியவரின் மருந்துக் கம்பியில் அதே துணியில், அதே தையலில் இன்னொரு பை தொங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் அக்காவின் காதில் போட்டான்.

"ஒரே திரையில ரெண்டு பை வந்தா ஒரே வீடுன்னு அர்த்தம்," என்றாள் அக்கா. "வா."

*

ஊசி மருந்து ஏற்றும் அறையில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கம்பி, கம்பியில் பை, பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்து. அன்று அந்தச் சோதனையைச் சேர்ந்தவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். நான்கு பேருக்கு மூக்கு வழியே சாப்பாட்டுக் குழாய். பேச்சு இல்லை, மடியில் சிலேட்டு. நான்கு முகத்திலும் கன்னத்துக்கு ஆறேழு பரு, நெற்றியில் இரண்டு.

ஐந்தாமவர்தான் திரைத்துணிப் பைக்காரர். குழாய் இல்லை. குரல் கரகரத்தாலும் பேச்சு இருந்தது. பெயரைக் கேட்கும் முன்பே, மருந்தறையில் இருக்கிறதே அந்தப் பெண் தன் அண்ணன் மகள், சின்னதிலிருந்து தான் வளர்த்த பிள்ளை, அதைப் போல மருந்து எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது என்று பெருமையாகச் சொல்லி முடித்துவிட்டார். அவருடைய எண் பதினைந்து.

மருந்தறைப் பெண் பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தாள். சித்தப்பா சொன்னது முழுக்கக் காதில் விழுந்திருக்க வேண்டும். பாட்டிலைத் தொடுகிறவருக்குச் சோதனையில் சொந்தக்காரர் யாரும் இருக்கக்கூடாது என்பது சட்டம். அவள் மறைத்திருக்கிறாள்.

"மாட்டிக்கிச்சு அக்கா," என்று முணுமுணுத்தான் ஒட்டடை. அவனுக்கு ஏனோ அதில் சந்தோஷம் இல்லை.

அக்கா சித்தப்பாவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கண்ணாடியைக் கொண்டுபோனாள். அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"ஒட்டடை, இவர் முகம் எப்படி இருக்கு?"

"புதுசா பூசின சுவர் மாதிரி இருக்கு அக்கா. ஒரு பொட்டு இல்ல."

"எல்லாருக்கும் திருட்டுத்தனமா நல்ல மாத்திரை குடுக்கிறவ, வளர்த்த சித்தப்பாவ மட்டும் விட்டுட்டா குடுப்பா?"

ஒட்டடை வாயைத் திறந்தான், மூடினான். திறந்தபோது இருந்த வழக்கு மூடும்போது இல்லை. எந்தப் பொய் அவளைக் கவிழ்க்கும் என்று நினைத்தானோ அதுவே அவளைத் தூக்கி நிறுத்திவிட்டது. வாசலில் நின்றவள் உள்ளே வந்தாள். சொன்னால் சித்தப்பாவைச் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம், வேறு ஒன்றும் இல்லை என்றாள்.

ஆனால் அது அக்காவுக்குத்தான் போதும். குழுவுக்குப் போதாது. பதினான்கு முகத்துக்கும் காரணம் கேட்பார்கள். மணி பன்னிரண்டு இருபது.

அங்கே இருந்த நர்ஸைக் கேட்டதில், மூடி மாறியது இவளிடத்தில் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. பாட்டிலைக் கையில் வாங்கும் நர்ஸ், மூடி எண்ணையும் பாட்டில் எண்ணையும் ஒத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறாள். போகும்போது சரி. வரும்போதுதான் மாறியிருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு பாட்டில்தான் இருக்கும். மூடி மாற வேண்டுமானால் பக்கத்திலேயே இன்னொரு பாட்டிலும் திறந்திருக்க வேண்டும்.

ஒட்டடை அந்த நான்கு முகங்களையும் இன்னொரு தடவை பார்த்தான். பழைய தொழில் சும்மா விடவில்லை.

"அக்கா, வேலைத்தளத்துல ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனியா கலவை போட்டா ஒண்ணு வெளுத்திருக்கும், ஒண்ணு கறுத்திருக்கும். எல்லாம் ஒரே நிறமா நின்னா மேஸ்திரி ஒரே சட்டியில கலக்கியிருக்கான்னு அர்த்தம். இவங்க மூஞ்சி எல்லாம் ஒரே சட்டி அக்கா."

அக்கா நின்றாள். திரும்பச் சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். பிறகு அவள் நர்ஸிடம் இரண்டே கேள்வி கேட்டாள். முழு மாத்திரைக்கு வரும் பரு இவ்வளவுதானா? இல்லை, மற்ற ஊர்ப் படங்களில் முகமே தெரியாத அளவு இருக்கும், இது அதில் பாதிகூட இல்லை என்றாள் நர்ஸ். குழாய் வழியாகச் சாப்பிடுகிறவர்கள் மாத்திரையை எப்படி விழுங்குகிறார்கள்? விழுங்க முடியாது, பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் செலுத்த வேண்டும், பரு வந்த பதினான்கு பேருக்குமே குழாய்தான், எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்றாள்.

"அந்தப் பதினாலு பேரும் எங்க தங்கியிருக்காங்க?"

நர்ஸ் ஜன்னல் வழியே சாலைக்கு எதிர்ப்புறம் கையைக் காட்டினாள். தூரத்திலிருந்து வருகிறவர்கள் தங்கும் விடுதி. நான்கு பேருக்கும் பை காலியாகிவிட்டது, அவர்களும் அங்கேதான் கிளம்புகிறார்கள்.

*

விடுதியின் மாடியில் நீளமான நடை. இரண்டு பக்கமும் அறைகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவான சமையலறை. நடையில் கேரம் பலகையைச் சுற்றி நான்கு பேர் சத்தமே இல்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாக்கில் பாதி போனவர்கள், குரல்வளை போனவர்கள். சிவப்புக் காய் விழுந்ததா இல்லையா என்பதைச் சிலேட்டில் எழுதி ஒருவர் முகத்துக்கு நேராக ஒருவர் ஆட்டினார்கள். அதில் ஒருவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் பலகையைப் பிடித்த பிடியிலேயே சிலேட்டையும் கக்கத்து இடுக்கில் வைத்திருந்தார். எதிரே உட்கார்ந்தவர் கிரேன் ஓட்டியவர். பெரிய உடம்பு, சின்னச் சின்ன எழுத்து.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. சமையலறையிலிருந்து டொக் டொக்கென்று சத்தம் வந்தது.

உள்ளே கையுறை மாட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். கிரேன்காரரின் மனைவி. மாடி முழுக்க அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள், சிலேட்டிலும் அப்படியே எழுதுவார்கள். மேசையில் பதினான்கு பாட்டில்கள் திறந்திருந்தன. மூடிகள் ஒரு தட்டில் குவியலாகக் கிடந்தன. பூண்டு நசுக்கும் சின்ன உரலில் பதினான்கு மாத்திரைகள் மாவாகிக்கொண்டிருந்தன. பக்கத்தில் அளவுக் கோடு போட்ட ஜாடி, பதினான்கு ஊசியில்லாத சிரிஞ்சுகள் வரிசையாக.

ஒட்டடை அக்காவைப் பார்த்தான். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வழக்கு முடிந்தால் அவள் செய்யும் வேலை அது.

வந்தவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டே அண்ணி தன் வேலையைப் பெருமையாக விளக்கினாள். முப்பது வருஷம் துணி ஆலையில் சாயம் கலக்கியவள். முதல் வாரம் இங்கே ஒவ்வொருத்தர் வீட்டு ஆளும் தனித்தனியாக இடித்தார்கள். ஒருத்தர் பாதியைச் சிந்தினார், ஒருத்தர் கட்டியாகக் கரைத்துக் குழாயை அடைத்துவிட்டார். இரண்டு பேருக்குத் துணைக்கு ஆளே இல்லை. பார்க்கப் பொறுக்காமல் இவள் மொத்தமாக எடுத்துக்கொண்டாள்.

"தனித்தனியா கலக்கினா ஒரு துணி ஒரு நிறம், இன்னொண்ணு வேற நிறம் ஆயிடும்மா. ஒரே தொட்டியில கலக்கிப் பிரிச்சாத்தான் எல்லாம் ஒண்ணுபோல வரும். பாருங்க, ஆளுக்கு இருபது மில்லி, ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது."

"ஒண்ணுபோலதாம்மா வந்திருக்கு," என்றாள் அக்கா. "இன்னைக்கு மட்டும் இதை யாருக்கும் குடுக்காதீங்க."

டாக்டருக்குத் தகவல் போயிற்று. அவர் வார்டில் போடும் ரப்பர் செருப்போடு சாலையைக் கடந்து மூச்சு வாங்க மேலே வந்தார். கூடவே மருந்தறைப் பெண். டாக்டர் மேசையைப் பார்த்தார், உரலைப் பார்த்தார், தட்டில் கிடந்த மூடிகளைப் பார்த்தார். பேனாவை அமுக்க மறந்துவிட்டார்.

பாதி பாட்டிலில் இருந்தது வெற்று மாத்திரை என்பதை அண்ணியிடம் யார் சொல்வது? டாக்டர்தான் சொன்னார். சேரும்போது படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கியபோது சொன்னதுதானே என்றார். சொன்னீர்கள், ஆனால் அது வேறு ஊர் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு என்று நினைத்துவிட்டேன் என்றாள் அவள். இங்கே எல்லோருக்கும் ஒரே பாட்டில், ஒரே மாத்திரை, கரைத்தால் ஒரே நிறம். சாயக்காரியின் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் வித்தியாசம் இல்லை என்றுதானே அர்த்தம்.

ஒட்டடைக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்று அத்தனை பாடுபட்டுச் செய்த மாத்திரை. யாருக்கும் தெரியவில்லை.

மருந்தறைப் பெண் தட்டிலிருந்து ஒரு மூடியை எடுத்து அதன் எண்ணைப் பார்த்தாள். கீழே வைத்தாள். பிறகு பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணிதான் கையுறையைக் கழற்றிவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். யாருடைய வேலையை அந்த உரல் இடித்துக்கொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

*

குழு கூடும் முன் ஒட்டடைக்கு ஒரு வேலை வந்தது. இனி ஆளுக்கு ஒரு உரல், மறு பேச்சு இல்லை, இன்னும் பதின்மூன்று வாங்கி வா என்றாள் அக்கா. கடையில் இருந்தவை கல்லுரல்கள். மூன்று நடையாகச் சுமந்து மாடி ஏற்றினான். கடைசி நடை ஏறி முடித்தபோது மணி ஐந்தரை. டாக்டர் கூட்டத்திலிருந்து நேராக அங்கேயே வந்திருந்தார்.

திருட்டு இல்லை, புரட்டு இல்லை என்று குழு ஒத்துக்கொண்டது. மருந்தறைப் பெண்ணுக்குச் சொந்தக்காரரை மறைத்ததற்கு ஒரு கண்டிப்புக் கடிதம், அவ்வளவுதான். வேலையும் பெயரும் அப்படியே. சித்தப்பாவும் சோதனையில் இருக்கலாம், ஆனால் அவருடைய பாட்டிலை இனி வேறொருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்தப் பதினான்கு பேரும் கணக்கிலிருந்து விலக்கப்பட்டார்கள். விலக்கிவிட்டதால் இவர்களுடைய உறைகளை மட்டும் பிரித்தாகிவிட்டது.

"யாருக்கு எது?" என்று கேட்டாள் அண்ணி. கேட்காமல் இருந்திருக்கலாம் என்பது கேட்ட பிறகுதான் அவள் முகத்தில் தெரிந்தது.

டாக்டர் படித்தார். ஏழு உண்மை, ஏழு வெற்று. கண்டக்டருடையது உண்மை. கிரேன்காரருடையது வெற்று.

 அண்ணி கண்டக்டரைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். ஆறு வாரமாக அவருடைய மாத்திரையில் பாதியை எடுத்துத் தன் புருஷனுக்கும் மற்றவர்களுக்கும் பங்கு வைத்திருக்கிறாள். சாயம் என்றால் வெளுத்துவிட்டு மறுபடி போடலாம்.

"நீங்க எடுத்தது நல்லதா கெட்டதான்னே எங்களுக்குத் தெரியாதும்மா," என்றார் டாக்டர். "அது தெரியத்தான் இத்தனை பாடு."

கண்டக்டர் சிலேட்டை எடுத்தார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு அண்ணிக்கு நேராகத் திருப்பிக் காட்டினார். 'என் பருவுல பாதி உங்க வீட்டுக்காரர் மூஞ்சியில இருக்கு. டிக்கெட் இல்லாம ஏறினத ஒழுங்கா இறக்கித் தரச் சொல்லுங்க.'

கிரேன்காரர் சிலேட்டைப் பிடுங்கி அடியில் சின்ன எழுத்தில் எழுதினார். 'தர மாட்டேன். அழகா இருக்கு.'

சத்தம் இல்லாத சிரிப்பு ஒன்று நடை முழுக்கப் போயிற்று. தோள்கள் குலுங்கின, ஒருவருக்குக் குழாயே ஆடியது. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தானும் சிரித்தாள்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். கணக்கில் இல்லாதவர்களுக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. விரும்புகிறவர்களுக்கு நாளையிலிருந்து உண்மையான மாத்திரையை வெளிப்படையாகவே கொடுக்கலாம் என்று குழு சொல்லிவிட்டது. பதினான்கு கையும் மேலே போயின.

ஒட்டடை கொஞ்சம் யோசித்தான். பிறகு காலடியில் கிடந்த பதின்மூன்று கல்லுரல்களைப் பார்த்தான்.

"அப்ப பதினாலு பேருக்கும் ஒரே மாத்திரை. ஒரே உரல்ல இடிச்சாலும் ஒண்ணும் கெடாது. அப்படித்தான டாக்டர்?"

டாக்டர் தயங்கி, ஆமாம் என்றார்.

ஒட்டடை இடுப்பைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். மூளை வேலை என்று சொல்லித்தானே என்னைச் சேர்த்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை. முதுகு கேட்டது.

"இவங்க இடம் காலியாச்சுல்ல," என்றாள் அக்கா. "அடுத்த மாசம் புதுசா ஆளுங்க சோதனைக்கு வருவாங்க. அவங்களுக்கு வேணும். கீழ மருந்தறையில கொண்டுபோய் வை."

மறுபடியும் மூன்று நடை. கீழே கம்பிக் கதவு திறந்திருந்தது. மருந்தறைப் பெண் எண் ஒட்டும் சுருளோடு காத்திருந்தாள். ஒவ்வொரு உரலின் அடியிலும் ஒரு எண், அதன் குழவியின் தலையில் அதே எண். பதின்மூன்றும் ஒட்டி முடித்ததும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, எந்த உரலில் எந்தக் குழவி உட்கார்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.